"இன்றைக்கு எதை முதலில் செய்யட்டும்?" பள்ளி நாளைப் பிள்ளைகளே திட்டமிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். என் வகுப்பில் நாளின் ஒரு பகுதியைப் பிள்ளைகளே திட்டமிடும்படி விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. பெற்றோரும் சக ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 'தேர்வு' என்றால் தமிழில் தேர்ந்தெடுப்பதும் உண்டு, பரீட்சையும் உண்டு. ஒரு பெற்றோர் கூட்டத்தில் "இந்த வருடம் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகத் தேர்வு கொடுக்கப் போகிறோம்" என்று நான் உற்சாகமாகச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு அம்மாவின் முகம் அப்படியே வாடிப்போனது. அன்றிலிருந்து பரீட்சையைப் பரீட்சை என்றும், இதை விருப்பம் என்றும்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளே திட்டமிடுவது என்றால் சரியாக என்ன?

இன்று முடிக்க வேண்டிய வேலைகளை ஆசிரியர் சொல்லிவிடுகிறார். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது, எங்கே உட்காருவது, தனியாகவா ஒரு கூட்டாளியுடனா, எதற்கு எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளை முடிவு செய்கிறது. செய்யலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை.

வகுப்புக்கு வருவதையே பிள்ளையின் இஷ்டத்துக்கு விடும் பள்ளிகளும் உண்டு. 1921-இல் தொடங்கி இங்கிலாந்தில் இன்றும் நடக்கும் சம்மர்ஹில் அப்படிப்பட்டது. துணிச்சலான ஏற்பாடுதான். ஆனால் நான் பேசுவது அதைப் பற்றி அல்ல.

நாள் முழுவதையும் கொடுப்பதும் இல்லை. வருடத் தொடக்கத்தில் 40 நிமிடம், பாதி வருடம் தாண்டியதும் ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் எல்லோரும் சேர்ந்து படிப்பதுதான்.

இது இப்போது கிளம்பிய புது மோகமா?

நூறு வருடத்துக்கு மேல் பழையது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில் சிறு பிள்ளைகளுக்கான முதல் இல்லத்தைத் திறந்தார். கற்றல் பொருட்களை ஆசிரியை ஒரு அலமாரியில் பூட்டி வைத்து, எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்துபோனார், மறுநாள் கொஞ்சம் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே பொருட்களை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது. மாண்டிசோரிக்கு வேறொன்று தெரிந்தது: எது வேண்டும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பின் பூட்டிய அலமாரி போய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான அடுக்குகள் வந்தன. மாண்டிசோரி வகுப்புகளில் இன்றும் இடையில் மணி அடிக்காத சுமார் மூன்று மணி நேர வேலைநேரம் உண்டு.

அமெரிக்காவில் ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் 1920 வாக்கில் உருவாக்கிய டால்டன் திட்டத்தில், மாணவருக்கு ஒரு மாத வேலையை மொத்தமாக ஒப்பந்தம் போல் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த நாளில் எந்தப் பாட அறைக்குப் போவது என்பது மாணவர் பாடு. பிரான்சில் செலஸ்தான் ஃபிரேனே பிள்ளைகளை வாரத்துக்கான வேலைத்திட்டம் எழுத வைத்தார். தங்கள் விடையைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளும் அட்டைகளையும் செய்துகொடுத்தார். அந்த அட்டை யோசனையை நான் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டேன். பின்னால் சொல்கிறேன்.

இதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஆர்வம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறார்கள்: தானே முடிவெடுக்கிறோம் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, பிறரோடு ஒட்டியிருக்கும் உணர்வு. முதலாவதை நசுக்கிவிட்டு ஆர்வத்தை எதிர்பார்க்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். நான் பார்த்தவரை அது சரிதான்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. தான் ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று பிள்ளைக்குத் தெரியவருவது. மணி அடித்ததும் நோட்டை மாற்றியே பழகிய பிள்ளைக்கு அது தெரிய வழியே இல்லை. நேரத்தை எப்போதும் வேறு யாரோதான் வைத்திருக்கிறார்கள்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் திட்டத்தாளில் 'கணக்கு – 5 நிமிடம்' என்று எழுதினான். பன்னிரண்டு கழித்தல் கணக்குகள், எல்லாமே கடன் வாங்கிக் கழிப்பவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். 25 நிமிடம் போயிருந்தது. "டீச்சர், கடிகாரம் வேகமாக ஓடுது" என்றான். மறுநாள் 10 நிமிடம் என்று எழுதினான். அதற்கடுத்த நாள் 20. மூன்றாவது வாரம் கணக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எட்டுதான், பதினஞ்சு போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினான். நான் கற்றுக்கொடுத்திருந்தால் இந்த அளவுக்கு அவனுக்குள் இறங்கியிருக்காது.

பெரியவர்களும் இதில் கெட்டிக்காரர்கள் அல்ல. ஒரு ஆய்வில் உளவியல் மாணவர்களிடம் ஆய்வேடு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். இந்தத் தப்புக்கணக்குப் பழக்கத்துக்கு டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே ஒரு பெயர் சூட்டிவிட்டார்கள். அப்படியானால் எட்டு வயதில் பழக ஆரம்பிப்பது ஒன்றும் சீக்கிரம் இல்லை.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

மூன்று நான்கு வயதிலேயே. அமெரிக்காவின் மிச்சிகனில் 1960-களில் டேவிட் வெய்கார்ட் குழுவினர் நடத்திய முன்பருவப் பள்ளியில் தொடங்கிய ஹைஸ்கோப் முறையில், 'திட்டமிடு, செய், திரும்பிப் பார்' என்பது தினசரி வழக்கம். அந்த வயதில் திட்டம் என்பது ஒற்றை வாக்கியம்: "நான் கட்டைகளை வைத்து வீடு கட்டப்போகிறேன்." அவ்வளவு போதும்.

ஆறு ஏழு வயதில் இரண்டு வேலைகளை வரிசைப்படுத்தலாம். எட்டு வயதில் நேரத்தையும் குறிக்கலாம். பத்து வயதுப் பிள்ளை ஒரு வாரத்தையே பிரித்து எழுதும், அதற்கு முன்பு ஒரு வருடமாவது ஒரு நாளைப் பிரித்துப் பழகியிருந்தால்.

எப்படித் தொடங்குவது? நாளைக்கே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முதல் தடவை நான் செய்தது போல் செய்யாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஏழு வேலைகளைப் பலகையில் எழுதி, "இன்று எல்லாம் உங்கள் விருப்பப்படி" என்று அறிவித்தேன். கால் மணி நேரம் யாரும் எதையும் தொடங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். மூன்று பேர் என்னிடம் வந்து, "நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். அந்த மூன்று பேரும் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்கள் என்பதை அப்புறம் யோசித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது.

இப்போது இப்படிச் செய்கிறேன். முதல் வாரம் இரண்டே வேலைகள், உதாரணத்துக்கு வாசிப்பும் எழுத்தும். எதை முதலில் செய்வது என்பது மட்டும்தான் விருப்பம். துணி உலர்த்தும் கிளிப் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். சுவரில் இரண்டு அட்டைகள். உள்ளே வரும்போதே தன் கிளிப்பை எந்த அட்டையில் மாட்டுகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளையின் முதல் வேலை. கிளிப்பை மாட்டும் நேரத்தில் முடிவும் எடுத்தாகிவிட்டது. பேச்சே தேவையில்லை.

இரண்டாவது வாரம் மூன்றாவது வேலை சேரும். அப்புறம் எங்கே உட்காருவது என்ற விருப்பம். மேசையா, ஜன்னலோரமா, தரையா. மூன்றாம் வாரத்திலிருந்து ஆளுக்கு ஒரு திட்டத்தாள்: வேலை, நான் நினைத்த நேரம், உண்மையில் ஆன நேரம் என்று மூன்று கட்டங்கள். அழகழகான படம் போட்ட தாள்களை ஒரு முறை அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தேன். பாதி நேரம் படத்துக்கு வண்ணம் தீட்டுவதில் போனது. கோடு போட்ட வெறும் தாளே மேல்.

பலரும் விட்டுவிடுவது கடைசி ஐந்து நிமிடத்தை. வேலையெல்லாம் முடிந்ததும் தாளைப் பார்த்து ஒரு வரி சொல்ல வேண்டும்: எது நினைத்தபடி நடந்தது, எது நடக்கவில்லை. இதைத் தவிர்த்தால் திட்டத்தாள் இன்னொரு வீட்டுப்பாடமாக மாறிவிடும். நாள் முடிவில் அவசரம் வந்தால் ஒரு கணக்கை வெட்டுங்கள், இந்த ஐந்து நிமிடத்தை வெட்டாதீர்கள்.

பிடித்ததை மட்டுமே செய்துகொண்டிருந்தால்?

பட்டியலில் இருப்பதெல்லாம் செய்ய வேண்டியவைதான், அதனால் அப்படி நடக்க வழியில்லை. நடப்பது வேறு: பிடிக்காதது எப்போதும் கடைசிக்குப் போகும்.

ஒரு சிறுமி தொடர்ந்து நான்கு நாள் வகுத்தலைக் கடைசியில் வைத்தாள். நான்கு நாளும் நேரம் போதவில்லை. முதல் நாளே "வகுத்தலை முதலில் செய்" என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவளுடைய நான்கு தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, "உனக்கு என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "களைச்சுப்போனப்புறம்தான் வகுத்தல் வருது" என்றாள். திங்கட்கிழமை வாசிப்பை முதலிலும் வகுத்தலை இரண்டாவதாகவும் வைத்தாள். ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "முதல்ல ஒரு நல்லது வேணும் டீச்சர்" என்றாள். நானும் என் விடைத்தாள் திருத்தலை அப்படித்தான் செய்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நான்கு நாள் பொறுப்பதற்கு ஒரு எல்லையும் வேண்டும். முடியாத வேலை அடுத்த நாள் தாளின் முதல் வரியாகப் போய்விடும் என்று நான் விதி வைக்காமல் இருந்தது ஒரு பரிசோதனைக்காக. அடிப்படைத் திறன் ஒன்று ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் நான் தலையிடுவேன். அது பிள்ளைகளுக்கும் தெரியும்.

விருப்பங்கள் எத்தனை கொடுக்கலாம்? அதிகம் இருந்தால் நல்லதுதானே?

மூன்று. ரொம்பப் பழகிய வகுப்பாக இருந்தால் ஐந்து.

ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்ணுக்காகக் கட்டுரை எழுதும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு 6 தலைப்புகள், மற்றவர்களுக்கு 30. ஆறு தலைப்பு கிடைத்தவர்களில் 74 விழுக்காட்டினர் எழுதினார்கள். முப்பது கிடைத்தவர்களில் 60 விழுக்காட்டினர்தான். கட்டுரைகளின் தரமும் ஆறு தலைப்புக்காரர்களுடையதே மேலாக இருந்தது. கல்லூரிக்காரர்களுக்கே இப்படி என்றால் என் ஏழு வேலைத் திங்கட்கிழமை ஏன் கவிழ்ந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. விருப்பம் உண்மையானதாக இருக்க வேண்டும். "நீல பென்சிலா, சிவப்பு பென்சிலா?" என்று கேட்டுவிட்டு விருப்பம் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை?

முன்பைவிட அதிக வேலை. பலகைக்கு முன்னால் நிற்கும் வேலை மட்டும்தான் குறைகிறது. ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது வாசிப்பதை முழுதாகக் கேட்க எனக்கு முதல்முறையாக நேரம் கிடைத்தது இந்த ஏற்பாட்டில்தான். ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை வாரத்தில் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

அதற்கு இடைஞ்சல் 'டீச்சர், இது சரியா?' என்ற வரிசை. அதைக் குறைக்கத்தான் ஃபிரேனே பாணி அட்டைகள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. பார்த்து எழுதிவிட மாட்டார்களா என்பார்கள். சிலர் எழுதத்தான் செய்வார்கள். வாரம் ஒருமுறை நான் பக்கத்தில் உட்காரும்போது அது தானே வெளிவந்துவிடும், பிள்ளைக்கும் எனக்கும் மட்டும் தெரியும்படி.

40 பேர் இருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா? மணி அடிக்கும் பள்ளியில்?

ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் இந்தச் சிந்தனைக்கு வந்ததே 1904-இல் விஸ்கான்சின் கிராமப்பள்ளி ஒன்றில், ஒரே அறையில், எட்டு வகுப்புகளைச் சேர்ந்த 40 பிள்ளைகளைத் தனியாளாகச் சமாளிக்க வேண்டியிருந்தபோதுதான். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற ஏழு வகுப்புகளும் தாங்களாக வேலை செய்தே ஆக வேண்டும். இது வசதிக்கு மீறிய ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் அந்த அறையை நினைத்துப் பார்க்கலாம்.

நடைமுறையில், கூட்டம் அதிகமென்றால் வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேர் ஆசிரியருடன், பாதிப் பேர் தங்கள் திட்டத்துடன். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். இடம் மாறுவதை மட்டும் விட்டுவிடுங்கள். 40 பேர் ஒரே சமயத்தில் எழுந்து நடந்தால் நாற்காலிச் சத்தமே காதை அடைக்கும்.

பாடவேளை மணி மாறாது என்றால், ஒரு பாடவேளைக்குள்ளேயே செய்யலாம். 40 நிமிட மொழிப் பாடத்தில் எழுத்துப் பயிற்சி, வாசிப்பு, சொல்விளையாட்டு மூன்றின் வரிசையைப் பிள்ளை முடிவு செய்யட்டும். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஆரம்பம் இது. பாட ஆசிரியர்கள் மாறி மாறி வரும் பள்ளியில் வகுப்பாசிரியரின் வேளைதான் தோதானது.

நன்றாகத் திட்டமிட்டால் நட்சத்திரம், பரிசு கொடுக்கலாமா?

வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள முன்பருவப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, வகுப்பில் சும்மா இருக்கும் நேரத்தில் யார் எவ்வளவு வரைகிறார்கள் என்று பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள்.

திட்டத்தாளுக்கு நட்சத்திரம் ஒட்டினால் இன்னொரு கேடும் உண்டு. சுலபமாக முடியும் திட்டத்தையே பிள்ளை போடும், ஆன நேரத்தைத் திருத்தி எழுதும். அந்தத் தாளில் பொய் எழுதக் காரணம் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒரு பயனும் இல்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவருமா?

ஒரே அளவில் ஒத்துவராது. ஐயங்காரும் லெப்பரும் 1999-இல் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், ஐரோப்பிய வழி வந்த அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோது மிக நன்றாகச் செய்தார்கள். ஆசிய வழி வந்த பிள்ளைகளோ, 'இதை உன் அம்மா தேர்ந்தெடுத்தார்' என்று சொன்னபோது இன்னும் நன்றாகச் செய்தார்கள். நெருக்கமானவர் தனக்காக முடிவெடுப்பதைப் பாரமாக நினைக்காத பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் கைவிட்டது போலத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையுடன் முதல் சில வாரம் நான் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடுகிறேன்.

மாற்றங்களைத் தாங்க முடியாத பிள்ளைகள், ஆட்டிசம் உள்ளவர்கள் உட்பட, படம் போட்ட நிலையான வரிசையில் நிம்மதியாக இருப்பார்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு, அதில் எந்தப் பட அட்டையை வைப்பது என்று கேட்கலாம். சில பிள்ளைகளுக்கு அந்த ஒன்றே நிறைய.

பரீட்சை பாதிக்காதா?

பாடத்திட்டம் குறையவில்லை, வேலைகளும் குறையவில்லை, மாறியது வரிசை மட்டும்தான். முதல் மாதம் கொஞ்சம் மெதுவாகப் போகும், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு, அடுத்து என்ன என்று காத்திருக்கும் நேரம் குறைவதால் அந்தப் பாக்கி அடைபட்டுவிடுகிறது. இதைச் செய்தால் மதிப்பெண் ஏறும் என்று உங்களிடம் யாராவது வாக்குக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பள்ளி விட்டு வந்ததும் வீட்டுப்பாடமா விளையாட்டா, எது முதலில் என்று பிள்ளையிடம் கேளுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாய் என்றும் கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டிருங்கள். கஷ்டமான பகுதி இதுதான். விளையாட்டை முதலில் வைத்து, தூக்கக் கலக்கத்தில் வீட்டுப்பாடம் செய்யும் ஒரு இரவு வரும். "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லாமல் இருக்க வேண்டிய இரவு அது. மறுநாள் சாயங்காலம், "நேற்று எப்படி இருந்தது? இன்றைக்கு எப்படி வைத்துக்கொள்ளலாம்?" என்று மட்டும் கேளுங்கள்.

அந்த வீட்டுப்பாடம் முடியாமலே வந்தாலும் பரவாயில்லை. 'நேரம் போதவில்லை' என்று பிள்ளையே நோட்டில் எழுதி அனுப்பட்டும், நான் திட்டமாட்டேன். நீங்கள் உட்கார்ந்து முடித்துக்கொடுத்தால் கையெழுத்து எனக்குத் தெரிந்துவிடும்.